மணிகள் சொல்லும் ஊர்க்கதை

இளைஞர்களைப் பாரிஸுக்குக் கொடுத்துவிட்ட பிரெஞ்சு மலைக்கிராமங்கள், மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறிய கதை இது.

தென் பிரான்ஸின் பல கிராமங்களில் மாதா கோயில் மணி ஒரே நேரத்தை இருமுறை அடிக்கும். காலை ஏழு மணிக்கு ஏழு தடவை. ஓரிரு நிமிட மௌனத்துக்குப் பின் மறுபடியும் ஏழு. வயலில் குனிந்திருப்பவர் முதல் முறை எண்ணத் தவறினால் இரண்டாம் முறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கைக்கடிகாரம் வந்துவிட்டது, செல்போனும் வந்துவிட்டது. வயலில் குனிபவர்கள் போய் டிராக்டரில் உட்காருபவர்களே மிஞ்சியிருக்கிறார்கள். ஆனாலும் மணி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்தான் முதல் இரவு தூங்க முடியாமல் புரளுகிறார். மூன்றாம் நாள் அவருக்கும் பழகிவிடுகிறது.

பிரான்ஸின் நடுவே, சற்றுத் தெற்கே தள்ளி இருக்கிறது ஓப்ராக் பீடபூமி. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கல் மேடு. அவேரோன், லொசேர், காந்தால் என்று மூன்று மாவட்டங்கள் இதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. மேட்டின் உச்சியில் மரங்கள் குறைவு, கண்ணுக்கெட்டிய வரை புல். அதன் தெற்குச் சரிவில் சுமார் 800 மீட்டர் உயரத்தில், ஒரு சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கிறது சேன் ஷெலி தோப்ராக். மக்கள்தொகை சுமார் ஐந்நூறு. கல் வீடுகள், மீன் செதில்போல அடுக்கிய கற்பலகைக் கூரைகள், ஒரு மாதா கோயில், ஒரு பழைய பாலம். அவ்வளவுதான் ஊர்.

பாரிஸிலிருந்து வருபவர் இரவு ரயிலில் ஏறினால் காலையில் ரொடெஸ் நகரில் இறங்கலாம். அங்கிருந்து எஸ்பாலியோன் வழியாக மலைச்சாலை. ரயில் அட்டவணையில் 'சேன் ஷெலி' என்ற பெயரைப் பார்த்ததும் அவசரப்பட்டுச் சீட்டு வாங்கிவிடக்கூடாது. அது பீடபூமியின் மறுபக்கம் உள்ள சேன் ஷெலி தாப்ஷே என்ற வேறு ஊர். ரயில் நிலையம் அந்த ஊருக்கு, யாத்ரீகர் பாலம் இந்த ஊருக்கு என்று விதி பிரித்துக் கொடுத்துவிட்டது.

வணக்கம் சொல்லாதவர் வழிப்போக்கர்

இந்த மலையில் ஏப்ரல் மாதத்தை வசந்தம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கீழே லொத் ஆற்றங்கரையில் பழமரங்கள் பூத்துக்கொண்டிருக்கும்போதே மேலே பனி விழும். மே மாதத்தில்கூட ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி வெள்ளையாக இருக்கலாம். ஆனால் பனி உருகிய இடத்திலெல்லாம் மஞ்சள் நிற டாஃபடில் பூக்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து நிற்கும். குயில் கூவத் தொடங்கும். வசந்தத்தின் முதல் குயிலோசை காதில் விழும்போது சட்டைப்பையில் காசு இருந்தால் ஆண்டு முழுவதும் பணக்கஷ்டம் இராது என்பது பிரெஞ்சுக் கிராமத்து நம்பிக்கை.

கிராமத்தின் நாள் ரொட்டியோடு தொடங்குகிறது. ரொட்டிக்கடை இருக்கும் ஊரில் அதன் வாசலில்தான் காலைச் செய்திகள் பரிமாறப்படுகின்றன. யாருடைய பசு கன்று போட்டது, எந்த வீட்டுப் பாட்டி மருத்துவமனையிலிருந்து திரும்பினார், மேட்டுச்சாலை திறந்துவிட்டதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். உள்ளே நுழைபவர் முதலில் 'போன்ழூர்' என்று சொல்லியாக வேண்டும். கடைக்காரருக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சேர்த்து. அதைச் சொல்லாமல் நேரே "ஒரு ரொட்டி" என்று கேட்பவர், நல்ல பிரெஞ்சில் கேட்டாலும், வளர்ப்பு சரியில்லாதவராகவே கருதப்படுவார். மொழி தெரியாதவர் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னால்கூடப் பாதி ஊர் அவருடையது.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. எப்போது 'நீங்கள்' விலகி 'நீ' வரும் என்பதற்கு எழுதிய விதி இல்லை. பெரியவர்தான் அதற்கு அனுமதி தருவார். இந்த நுட்பம் தமிழருக்குச் சொல்லாமலே புரியும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்தான் திண்டாடுகிறார்.

ரொட்டியைப் பற்றி இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. 1993இல் வந்த அரசாணைப்படி, 'பிரெஞ்சுப் பாரம்பரிய ரொட்டி' என்று விற்கப்படுவதை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக்கூடாது, செயற்கைச் சேர்மானங்கள் கலக்கக்கூடாது. 2022இல் பகெத் எனப்படும் நீண்ட ரொட்டியின் செய்முறையும் அதைச் சுற்றிய பழக்கவழக்கங்களும் யுனெஸ்கோவின் கலாசாரச் செல்வப் பட்டியலில் சேர்ந்தன. இந்த கௌரவத்தால் கிராமத்து ரொட்டிக்காரரின் தூக்கம் கூடிவிடவில்லை. அவர் நடுநிசி தாண்டி எழுந்தாக வேண்டும். அவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் கிடைப்பதில்லை. பல ஊர்களில் கடை மூடிவிட்டது. பக்கத்து ஊர் வேன் வாரத்தில் சில நாட்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது, அல்லது காபிக்கடையில் ஒரு கூடையில் ரொட்டி வைத்து விற்கிறார்கள். நகரத்துப் பேரங்காடியில் ரொட்டி மலிவு. அது தெரிந்தும் உள்ளூரிலேயே வாங்குபவர்கள் அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கடை திறந்திருப்பது அவர்களால்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு

நண்பகல் மணி அடித்ததும் ஊர் மறைந்துவிடுகிறது. கடை, தபால் நிலையம், ஊராட்சி அலுவலகமான 'மேரி' எல்லாம் பூட்டு. இரண்டு மணிவரை தெருவில் பூனைகள் மட்டும்தான். வெளியூர்க்காரர் கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, பசியோடு பாலத்தின் மீது உட்கார்ந்து, ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாப்பாட்டு நேரத்தில் வியாபாரம் செய்வது இங்கே உழைப்பாகக் கருதப்படுவதில்லை.

சாப்பாடு மலைக்கு ஏற்றது. அதன் ராஜா அலிகோ. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் வெண்ணெயும் கிரீமும் சேர்த்து, புதிதாகத் திரட்டி இன்னும் பக்குவப்படுத்தாத பாலாடைக் கட்டியைப் போட்டு, பெரிய மரத்துடுப்பால் விடாமல் கிண்டுகிறார்கள். கை ஓய்ந்தால் போயிற்று. பதம் வந்ததும் துடுப்பை உயர்த்தினால் நூல் அறாமல் ஆளுயரத்துக்கு நாடாவாக எழும். சாப்பிடுபவரை விடக் கிண்டுபவருக்குத்தான் பசி எடுக்கும். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன், மேட்டின் மீதிருந்த மடத்துத் துறவிகள் ரொட்டித் துண்டுகளோடு இதே பாலாடைக் கட்டியைக் கலந்து யாத்ரீகர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு.

வசந்தத்துக்கென்றே ஒரு கீரை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வேலியோரங்களில் கண்ணை ஓட்டிக்கொண்டே நடப்பவர்களைப் பார்த்தால் 'ரெஸ்புன்ஷு' தேடுகிறார்கள் என்று அர்த்தம். காட்டுக்கொடி ஒன்றின் இளந்தளிர் இது. கொதிநீரில் வேகவைத்து, முட்டையோடு அல்லது பன்றிக் கொழுப்போடு சாப்பிடுவார்கள். பாகற்காய் தின்று வளர்ந்தவரே முகம் சுளிக்கும் கசப்பு. அந்தக் கொடியின் சிவப்புப் பழம் விஷம். தளிரை எங்கே பறித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள்.

சூப் குடித்து முடிக்கும் தறுவாயில், தட்டின் அடியில் மிஞ்சியதில் சிறிது சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டையே வாயருகே உயர்த்திக் குடிக்கும் பழக்கம் முதியவர்களிடம் இன்னும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். தாத்தாக்கள் கண்டுகொள்வதில்லை.

தோட்டத்து விஷயத்திலும் பஞ்சாங்கம் பேசும். மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களும் 'பனிப் புனிதர்கள்' எனப்படும் மமெர்ட், பன்கிராஸ், செர்வே ஆகியோரின் நாட்கள். அவை கழியாமல் தக்காளி நாற்றை மண்ணில் வைக்கக்கூடாது. வானிலை அறிக்கை நல்ல வெயில் என்றாலும் சரி. அவசரப்பட்டு நட்டுவிட்டு ஓரிரவுப் பனியில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர் கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கிறது. அந்தக் கதையின் நாயகர் பெரும்பாலும் நகரத்திலிருந்து வந்து குடியேறியவராகவே இருப்பார்.

பெயரில் மிஞ்சிய மொழி

பீடபூமியின் பெரிய ஊர், மடக்கத்திக்குப் பெயர்போனது. பலகையில் உள்ளபடி எழுத்துக்கூட்டி 'லகியோல்' என்று படித்தால் ஊர்க்காரர் புன்னகையோடு திருத்துவார்: 'லயோல்'. காரணம், அது பிரெஞ்சுச் சொல்லே அல்ல. 'சின்னக் கோயில்' என்று பொருள்படும் ஒக்சிதான் மொழிச் சொல். தென் பிரான்ஸ் முழுவதும் ஒருகாலத்தில் பேசப்பட்டது அந்த மொழி. மத்திய காலத்தில் ஐரோப்பாவின் காதல் கவிதைக்கு வழிகாட்டியது. அதன் புரோவான்ஸ் வட்டார வழக்கில் எழுதிய பிரெதெரிக் மிஸ்த்ராலுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்த அதே காலத்தில் பள்ளிக்கூடங்களில் அந்த மொழி தண்டிக்கப்பட்டது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் இலவசக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தன. ஏழை விவசாயியின் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றது அதனால்தான். ஆனால் வீட்டு மொழியை வாசற்படியில் விட்டுவிட்டு வரவேண்டும். தவறி ஒரு சொல் பேசிய பிள்ளையிடம் ஒரு மரத்துண்டையோ வேறு பொருளையோ கொடுப்பார்கள். அதே தவறைச் செய்யும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் அது யார் கையில் மிஞ்சுகிறதோ அவனுக்குத் தண்டனை. இப்படி வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. இன்று ஒக்சிதான் ஊர்ப்பெயர்ப் பலகைகளின் இரண்டாம் வரியிலும், முதியவர்கள் மாடுகளை அதட்டும் வார்த்தைகளிலும், சில பள்ளிகளின் இருமொழி வகுப்புகளிலும் இருக்கிறது. மாடுகளுக்கு யாரும் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கவில்லை என்பது மொழிக்குக் கிடைத்த சிறிய ஆறுதல்.

பாரிஸுக்குப் போன ஊர்

மலையில் மண் குறைவு, குளிர்காலம் நீளம், குடும்பங்கள் பெரியவை. மூத்தவனுக்கு நிலம் என்றால் மற்றவர்களுக்குச் சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையின் பிள்ளைகள் பாரிஸுக்கு நடந்தார்கள். முதலில் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு நிலக்கரி சுமந்தார்கள். நிலக்கரிக் கடையின் மூலையில் ஒயின் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினார்கள். மூலை வளர்ந்து காபிக்கடையானது. பாரிஸில் கஃபே தொழில் நெடுங்காலம் அவேரோன்காரர்கள் கையில் இருந்ததன் பின்னணி இதுதான். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் கூடிய புகழ்பெற்ற லிப் உணவகத்தை 1920இல் வாங்கியவர் மார்செலான் காஸ். அவரும் லயோலில் பிறந்தவர். பாரிஸில் குடியேறிய மலைக்காரர்களுக்காக 1882இலேயே தனிப் பத்திரிகை தொடங்கப்பட்டது. கோடையில் அவர்களை ஊருக்கு அழைத்துவரச் சலுகைக் கட்டண ரயில்கள் விட்டதும் அதே பத்திரிகைக்காரர்தான். இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. 1884இல் அவேரோன் குடும்பங்கள் சில கப்பலேறி அர்ஜென்டினாவில் பிகுவே என்ற ஊரை உண்டாக்கின.

விளைவு எண்ணில் தெரிகிறது. 1886இல் அவேரோன் மாவட்டத்தில் 4 லட்சத்து 15 ஆயிரம் பேர் இருந்தார்கள். இன்று சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம்.

போனவர்களில் திரும்பாதவர்களின் பட்டியல் ஊர் நடுவே கல்லில் இருக்கிறது. முதல் உலகப்போரில் ஏறக்குறைய 14 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். ஒரு நினைவுக்கல் இல்லாத கிராமம் அநேகமாக இந்த நாட்டில் இல்லை. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளிலும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தவர்கள் அதன் உறவுக்காரக் கல்லைப் பார்த்திருப்பார்கள். சின்ன ஊர்க் கல்லில் ஒரே குடும்பப்பெயர் இரண்டு மூன்று முறை வரும். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன். மே 8, இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவில் முடிந்த நாள், பொது விடுமுறை. மூவர்ணப் பட்டை அணிந்த மேயர் அந்தக் கல்லுக்கு மலர்வளையம் வைக்கிறார். பெயர்கள் படிக்கப்படுகின்றன. ஒரு நிமிட மௌனம். பிறகு எல்லோரும் ஒரு கோப்பை ஒயின் அருந்தக் கலைகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் எத்தனை என்பதைப் பெரியவர்கள் கண்ணாலேயே எண்ணிக்கொள்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. பிரான்ஸில் சுமார் 35 ஆயிரம் ஊராட்சிகள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். திருமணம் செய்துவைப்பது முதல் சாலைப் பனியை வாரச் சொல்வது வரை அவர் வேலை. மேரியும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடத்தில் இருப்பது பழைய வழக்கம். ஆண்டுதோறும் வசந்தத்தை ஒட்டி, செப்டம்பரில் எந்த வகுப்பை மூடுவது என்று கல்வித்துறை முடிவு செய்கிறது. கையிருப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அளவுகோல். இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் குடிவந்தால் பெற்றோர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு குடும்பம் காலி செய்தால் கவலை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கூட்டுச் சேர்ந்து, சின்ன வகுப்பு ஓர் ஊரில், பெரிய வகுப்பு இன்னோர் ஊரில் என்று பிரித்துக்கொண்டு சமாளிக்கின்றன.

அருங்காட்சியகத்துக்குப் போகாத மாடு

ஓப்ராக் மாடு அழகி. கோதுமை நிறம், லயர் யாழ்போல வளைந்த கொம்பு, மை தீட்டியதுபோல் கறுப்பு விளிம்பிட்ட கண். மே 25ஆம் தேதி புனித உர்பன் நாளில் மேட்டுக்கு ஏறி, அக்டோபர் 13ஆம் தேதி புனித ஜெரோ நாளில் இறங்குவது இவற்றின் காலக்கணக்கு. அந்த 142 நாட்களும் புல்வெளியில் 'புரோன்' எனப்படும் கற்குடிலில் ஆண்கள் மட்டும் தங்கிப் பாலாடைக் கட்டி செய்தார்கள். கட்டி செய்யும் தலைவர், மாட்டுக்காரர், கன்றுக்காரர், எடுபிடிச் சிறுவன் என்று படிநிலை. கன்றுக்காரருக்கு முக்கிய வேலை. கன்று முட்டி ஊட்டாமல் இந்த மாடு பால் சுரக்காது. ஊட்டவிட்டு, கன்றைத் தாயின் காலோடு கட்டிவிட்டுத்தான் கறக்க முடியும். அந்த வாழ்க்கை கடினமானது. தூக்கம் குறைவு, கூலி குறைவு, குடும்பத்தைப் பார்க்க முடியாது. நூற்றுக்கணக்கில் இருந்த புரோன்கள் ஒவ்வொன்றாக மூடின.

1963 முதல் 1966 வரை பிரான்ஸின் தேசிய ஆய்வு மையம் பெரிய குழு ஒன்றை இந்த மலைக்கு அனுப்பியது. நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தின் ஜோர்ஜ் ஆன்ரி ரிவியேர் அதற்கு வழிகாட்டினார். மறையப்போகும் வாழ்க்கையைப் பாட்டு, கருவி, சொல், சாப்பாடு என்று எதையும் விடாமல் பதிவு செய்தார்கள். ஒரு புரோனின் உட்புறம் அப்படியே பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆய்வாளர்களின் வேலை அருமையானது. ஆனால் அருங்காட்சியகம் தேடி வந்துவிட்டால் அந்த வாழ்க்கை முடியும் கட்டத்தில் இருக்கிறது என்றே பொருள்.

மலை வேறு விதமாக நினைத்தது. ஆய்வாளர்கள் வருவதற்குச் சற்று முன், 1960இல், லயோலில் இளம் விவசாயிகள் சிலர் கூடி 'இளம் மலை' என்று பொருள்படும் ழேன் மோந்தாஞ் கூட்டுறவைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆந்த்ரே வலாதியே பின்னர் பல்லாண்டுகள் அதை வழிநடத்தினார். பாலாடைக் கட்டியை மேட்டுக் குடிலிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1961இல் லயோல் கட்டிக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. காய்ச்சாத பால், குறைந்தது நான்கு மாதப் பக்குவம், ஐம்பது கிலோ வரை எடையுள்ள வட்டு. வாளி வாளியாகக் கறக்கும் ஹோல்ஸ்டைன் மாடு இந்தக் கட்டிக்கு வேண்டாம், சிமெந்தால், ஓப்ராக் இனங்களின் பால் மட்டுமே செல்லும் என்று பின்னர் விதியை இறுக்கினார்கள். அளவு குறைந்தது. விலை நின்றது. அந்தக் காலத்துப் பொருளாதார ஆலோசனைக்கு நேர்மாறான முடிவு இது. யாத்ரீகருக்குக் கொடுத்த அலிகோவும் இன்று நாடெங்கும் கடைகளுக்குப் போகிறது. 1970களில் அற்றுப்போகும் என்று அஞ்சப்பட்ட ஓப்ராக் மாட்டினம் மலையைத் தாண்டிப் பிற மாவட்டங்களுக்கும் பரவியிருக்கிறது. ஆனால் அதைக் கறப்பவர் அருகிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் இறைச்சிக்காகத்தான் வளர்க்கிறார்கள். பசுவைத் தெய்வமாகப் பார்க்கும் இந்தியருக்கு இது நெருடலாம். இனம் பிழைத்தது அந்த வழியில்தான்.

மேலேறும் நாள்

மே மாதக் கடைசியில், உர்பன் நாளை ஒட்டிய ஞாயிறு. அதிகாலையிலிருந்தே மலைச்சாலையில் கார்கள். நெற்றியில் காகிதப்பூ, முதுகில் கிளைகளும் தேசியக் கொடியும், கழுத்தில் அகன்ற தோல் பட்டையில் கனத்த மணி. அலங்காரம் முடிந்த மாடுகள் கூட்டம் கூட்டமாக ஓப்ராக் சிற்றூருக்கு ஏறுகின்றன. எல்லா மந்தையும் நடந்து வருவதில்லை. பல மந்தைகள் முந்திய நாட்களிலேயே லாரியில் ஏறி வந்துவிடும். நடப்பது இன்று பாதி வேலை, பாதி விழா. ஆனால் மாட்டுக்கு அது தெரியாது. குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் நின்ற கால்கள் புல்வாசனை பட்டதும் வேகமெடுப்பதில் நடிப்பு எதுவும் இல்லை. பருவம் பார்த்துக் கால்நடைகளோடு இடம்பெயரும் இந்த மரபை யுனெஸ்கோ 2019இல் பட்டியலில் சேர்த்தது. 2023இல் பிரான்ஸும் அதில் சேர்ந்தது.

மணி எல்லோருக்கும் பிடிப்பதில்லை. கிராமத்தில் வீடு வாங்கிவிட்டு, சேவல் கூவுகிறது, மாட்டு மணி அடிக்கிறது, சாணம் நாறுகிறது என்று வழக்குப் போடுபவர்கள் பிரான்ஸிலும் உண்டு. ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் மீதான வழக்கு உலகச் செய்தியானது. 2019இல் சேவல் ஜெயித்தது. 2021 ஜனவரி 29இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. கிராமத்து ஒலிகளும் வாசனைகளும் நாட்டின் இயற்கைச் செல்வத்தின் ஒரு பகுதி.

ஓப்ராக்கில் மணிக்கு இன்னும் பழைய வேலை ஒன்று உண்டு. 1120 வாக்கில் ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த அதலார் என்ற பிரபு இந்த ஆளரவமற்ற மேட்டில் யாத்ரீகர்களுக்காக ஒரு மடம் கட்டினார். லெ புயி நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடப்பவர்களின் வழி இது. மூடுபனியிலும் பனிப்புயலிலும் திசை தெரியாதவர்களுக்காக இரவில் ஒரு மணி அடித்தார்கள். 'வழிதவறியவர்களின் மணி' என்பது அதன் பெயர். பிரெஞ்சுப் புரட்சியோடு மடம் போயிற்று. கோயில் நிற்கிறது. யாத்ரீகர்கள் நிற்கவில்லை. மே மாதம் அவர்களின் உச்ச மாதம். ஓப்ராக்கிலிருந்து எட்டு கிலோமீட்டர், ஐந்நூறு மீட்டர் இறக்கம், முழங்கால் நோக சேன் ஷெலிக்கு வந்து சேர்கிறார்கள். கைத்தடி ஊன்றிய யாத்ரீகர் உருவம் செதுக்கிய சிலுவை ஒன்று அங்கே பழைய பாலத்தின் மீது காத்திருக்கிறது. 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தப் பாலத்தில் நின்று காலணியைக் கழற்றுபவர்கள்தான் இன்று ஊரின் விடுதிகளையும் கடைகளையும் நிரப்புகிறார்கள்.

இதையெல்லாம் சேர்த்து ஊர் பிழைத்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? குளிர்காலத்தில் வந்து பார்த்தால் பாதி ஜன்னல்கள் சாத்திக் கிடக்கும். பாரிஸிலும் துலூஸிலும் இருப்பவர்கள் கோடைக்காக வைத்திருக்கும் வீடுகள் அவை. பூட்டிய வீடுகள் நிறைய, ஆனால் ஒரு இளம் தம்பதி ஆண்டு முழுவதும் குடியிருக்க வாடகை வீடு கிடைப்பது அரிது. மருத்துவர் ஓய்வு பெற்றால் மாற்று வருவதற்கு நாளாகிறது. பாலாடைக் கட்டி மாட்டைக் காப்பாற்றியது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

விழாவுக்கு மறுநாள் கார்கள் இல்லை. மேட்டில் 'கவிஞர் நார்சிசஸ்' எனப்படும் வெள்ளைப்பூ மலரத் தொடங்கியிருக்கிறது. இன்னும் சில நாட்களில் சீப்புபோல் பல்வைத்த பெரிய வாரியால் அதை வாரி, கிராஸ் நகரின் வாசனைத் திரவியத் தொழிலுக்கு அனுப்புவார்கள். ரொட்டிக்கடை வாசலில் நேற்றைய விழாவில் யாருடைய மாடு அழகு என்ற விவாதம் நடக்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. கோயில் மணி ஒன்பது அடிக்கிறது. ஓரிரு நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள மௌனத்தில், மேலே எங்கோ புல்லில் நகரும் மாட்டு மணிகள் கேட்கின்றன. அக்டோபர் 13 வரை கேட்கும்.